மூக்கடைப்பும் பத்து நாள் கணக்கும்

மூச்சு வரும் வழி – 9

கன்னத்து எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மி.லி. உள்ளே சுரக்கும் சளி மூக்குக்குள் வந்து சேர, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துவாரம்தான் வழி. அந்தத் துவாரமும் அறையின் அடியில் இல்லை, உச்சியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு வடிகுழாயை மேல்விளிம்பில் வைத்தது போன்ற அமைப்பு. இதே போல நெற்றியில் ஒரு ஜோடி, கண்களுக்கு நடுவில் ஒரு ஜோடி, மண்டையோட்டின் அடியில் ஒரு ஜோடி அறைகள் உண்டு. இந்த அறைகளைத்தான் சைனஸ் என்கிறோம்; அவற்றில் வரும் நோயையும் பேச்சில் அப்படியே சொல்கிறோம். ஆனால் அதிகம் அவதிப்படுத்துவது கன்னத்து அறைதான்.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் கன்னத்துக்குள் சளி எப்படி மேலே ஏறுகிறது? அறையின் உள்சவ்வில் இருக்கும் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை ஏற்றிவிடுகின்றன. இதை மருத்துவ உலகம் நெடுங்காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1893-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897-ல் பாரிஸில் ஹென்றி லூக்கும் தனித்தனியாக ஓர் அறுவை முறையை வெளியிட்டார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைத் துளைத்து, அறையின் சவ்வைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூக்குப் பக்கம் தாழ்வாக ஒரு புது வாசல் திறப்பார்கள். தாழ்வான வாசல் என்றால் சளி தானாக வடிந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது.

பிறகு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பை வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார். தாழ்வாகத் திறந்த வாசலைச் சளி சுற்றிக் கடந்து, உச்சியில் இருக்கும் பழைய துவாரத்தையே தேடிப் போனது! அடைபட்ட இயற்கை வழியைத் திறந்துவிட்டால் போதும், கெட்டுப்போனதாகத் தோன்றும் சவ்வும் பெரும்பாலும் தானே தேறிவிடும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்று மூக்குக்குள்ளேயே எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் சைனஸ் அறுவை சிகிச்சை இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான். மாத்திரையானாலும் கத்தியானாலும், வழி திறக்கிறதா என்பதுதான் சைனஸ் வைத்தியத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

வழியை அடைப்பது பெரும்பாலும் சாதாரண ஜலதோஷம். அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 27 பேருக்குக் கன்னத்து அறையில் மாற்றம் தெரிந்தது. சிலருக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமலே பெரும்பாலோருக்குத் தெளிந்திருந்தது. சளி பிடித்த மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்து, "சைனஸ் இருக்கு" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். அது பெரும்பாலும் வைரஸின் வேலை. ஜலதோஷம் பாக்டீரியா சைனஸாக முற்றுவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

அந்த ஒன்றிரண்டு பேரை எப்படி அடையாளம் காண்பது? சளியின் நிறத்தை வைத்து முடியாது. மஞ்சளும் பச்சையும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள நொதியால் வருபவை. வைரஸ் சளியிலும் அப்படித்தான் இருக்கும். நாளைத்தான் எண்ண வேண்டும். மூக்கடைப்பும் முகவலியும் கெட்டிச்சளியும் பத்து நாள் தாண்டியும் துளிகூடக் குறையவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஐந்தாறு நாளில் தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சலும் தலைபாரமும் கூடினாலும் அப்படியே. ஆரம்பத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். ஒரே பக்க மூக்கிலிருந்து துர்நாற்றத்தோடு சளி வந்தால் பல் மருத்துவரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர், கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "எனக்குப் பத்து வருஷமா சைனஸ் தலைவலி" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது சைனஸ் அல்ல, மைக்ரேன். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் கனக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெளிச்சம் கூசுகிறதா, சத்தம் பிடிக்கவில்லையா, குமட்டுகிறதா, வலி வந்தால் வேலையை விட்டுப் படுக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டால் பாதி விளங்கிவிடும். தலையில் நீர் கோத்திருக்கிறது என்று வருஷக்கணக்காகப் பற்றுப் போட்டும் ஆவி பிடித்தும் வலியோடு வாழும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அந்த வலிக்குச் சரியான மருந்து இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லாததை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். பெனிசிலின் மனித உடம்பில் மிக ஆரம்பத்தில் சோதிக்கப்பட்டது ஒரு சைனஸ் நோயாளியிடம்தான். 1929 ஜனவரியில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் உதவியாளர் ஸ்டூவர்ட் கிராடக்கின் கன்னத்து அறையைப் பெனிசிலின் வடிநீரால் கழுவினார். ஒரு வகைக் கிருமி வெகுவாகக் குறைந்தது. இன்று ஹீமோஃபிலஸ் என்று அழைக்கப்படும் கிருமியோ அப்படியே இருந்தது. கிராடக்கின் தொல்லையும் தீரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மூன்று அஜித்ரோமைசின் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களுக்கும் பலமுறை இதுதான் நடக்கிறது. சைனஸ் கிருமிகள் அந்த மருந்துக்குப் பெருமளவு பழகிவிட்டதால், அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே அதைச் சைனஸுக்குப் பரிந்துரைக்கவில்லை. ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரம் உண்டு. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் எனக்கு அதிக நம்பிக்கை உப்புநீரால் மூக்கைக் கழுவுவதில்தான். ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மி.லி. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல்பக்க நாசியில் மெதுவாக ஊற்றினால் மறு நாசி வழியே வெளியேறும். முதல் முறை திணறும், பிறகு பழகிவிடும். கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் அப்படிக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

ஆவி பிடிப்பது இதம் தரும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். கவிழ்ந்து வெந்துபோவது அடிக்கடி நடக்கிறது. உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். பன்னிரண்டு வாரம் தாண்டிய தொல்லைக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேதான் முதல் மருந்து. அடிக்கும்போது முனையை நடுத்தண்டை நோக்கி வைக்காமல், கண்ணின் வெளிமூலையை நோக்கிச் சாய்க்க வேண்டும். நடுத்தண்டில் பட்டால் ரத்தம் கசியும். வாரக்கணக்கில் தினமும் அடித்தால்தான் பலன் தெரியும். வாசனையே தெரியவில்லை என்றால் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

கண் இமை வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நெற்றி புடைத்தாலோ, கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சளி பிடித்த குழந்தையின் ஒரு கண் மட்டும் வீங்கிச் சிவந்தால் காலை வரை பொறுக்காதீர்கள். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குக் கன்னம் மரத்துப்போவதும், மூக்கிலோ மேலண்ணத்திலோ கறுப்பு படிவதும் 2021-ல் நம்மை உலுக்கிய கரும்பூஞ்சையாக இருக்கலாம். அதில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் கண் போகும், உயிரும் போகும்.

அடுத்த வாரம்: வாயைத் திறந்தபடியே தூங்கும் குழந்தைகளும் அடினாய்டும்.