தொலைபேசியில் பேசும் பழைய கணிப்பொறி

1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதனுள் இருந்த இன்டெல் 8088 நுண்செயலி வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளில் இயங்கியது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் துடிப்பு வேகம் இதைப் போல் சில நூறு மடங்காகும். ஆயினும், அந்தப் பழைய பொறிகளைப் பழுது பார்த்து இயக்கி, இன்றைய இணையத்தோடு இணைத்துப் பார்ப்போர் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இது வெறும் பொழுதுபோக்குதானா என்று நீங்கள் கேட்கலாம். அன்று ஒருவர் தட்டெழுதிய ஆய்வேடு, ஒரு கடையின் கணக்கு, ஒரு கதையின் முதற்படி ஆகியவை அப்பொறியின் காந்தத் தகட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காந்தப் பதிவு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிவிடும். அப்பொறியிலோ யூ.எஸ்.பி. துளை கிடையாது, வைஃபையும் கிடையாது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர எஞ்சியிருக்கும் முக்கிய வாயில் ‘சீரியல் போர்ட்’ எனப்படும் தொடர் இணைப்பு முனை. அந்த வாயிலில் பொருத்துவதற்கென்றே பிறந்த கருவிதான் மோடம்.

அப்படியானால் பழைய கணிப்பொறியையும் பழைய மோடத்தையும் தேடிப் பிடித்து, வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் இணைத்துவிட்டால் போதுமா? பெரும்பாலும் போதாது. ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள, தொலைபேசி யாருக்காக அமைக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குரலுக்காக வெட்டிய வாய்க்கால்

நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உடைய ஒலிகளைக் கேட்கவல்லது. ஆனால், ஒருவர் பேசுவதை மற்றொருவர் புரிந்துகொள்ள இத்தனை அகலம் தேவையில்லை. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தாலே போதும். ஆகவே தொலைபேசி அமைப்பு இந்த 3,100 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே கொண்டுசெல்லுமாறு வகுக்கப்பட்டது. மனிதக் குரலின் அளவுக்கு வெட்டப்பட்ட வாய்க்கால் அது.

கணிப்பொறியின் மொழியில் இருப்பவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. தொடர் முனையில் இவை மின்னழுத்தங்களாக வெளிவருகின்றன. 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 என்னும் தர விதிப்படி, 3 முதல் 15 வோல்ட் வரையிலான நேர் மின்னழுத்தம் 0-ஐயும், அதே அளவு எதிர் மின்னழுத்தம் 1-ஐயும் குறிக்கும். நூறு சுழிகள் தொடர்ந்து வந்தால் அழுத்தம் மாறாமல் அப்படியே நிற்கும். மாறாத மின்னழுத்தத்திற்கு அதிர்வெண் ஏது? 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் தள்ளிவிடும் வாய்க்காலில் அது நுழையவே முடியாது. எனவே இலக்கங்களைக் குரல் போன்ற ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் இலக்கங்களாக மாற்ற வேண்டும். இவ்விரண்டு வேலைகளையும் செய்யும் பண்பேற்றி, பண்பிறக்கி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களான மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்பவற்றை வெட்டி ஒட்டியதே ‘மோடம்’ என்ற சொல்.

எழுத்து ஒலியாகும் விதம்

ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்கி என்னும் குறியீட்டில் அதன் எண் 65. இரும முறையில் 01000001. இதை வலக்கோடியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அனுப்புவார்கள். ‘இதோ வருகிறது’ என்று அறிவிக்க முன்னால் ஒரு 0. ‘முடிந்தது’ என்று சொல்லப் பின்னால் ஒரு 1. ஆக, ஓர் எழுத்துக்கு 10 இலக்கங்கள், அதாவது 10 பிட்டுகள்.

1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் வினாடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. அழைப்பவரின் மோடம் 0-க்கு 1,070 ஹெர்ட்ஸ் ஒலியையும், 1-க்கு 1,270 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பும். பதில் சொல்லும் மோடம் 0-க்கு 2,025, 1-க்கு 2,225 ஹெர்ட்ஸ் ஒலிகளை எழுப்பும். ஒருவர் தாழ்ந்த சுருதியிலும் மற்றவர் உயர்ந்த சுருதியிலும் பேசுவதால், இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பம் நேர்வதில்லை. ஒவ்வொரு பிட்டும் நீடிப்பது 3.3 மில்லி வினாடி. அதற்குள் 1,270 ஹெர்ட்ஸ் ஒலி நான்கு அலைகளுக்குச் சற்று மேல் எழுப்பிவிடும். 1,070 ஹெர்ட்ஸ் ஒலியோ மூன்றரை அலைகள்தாம். இந்தச் சிறிய வேறுபாட்டைக் கொண்டே மறுமுனை 0 எது, 1 எது என்று பிரித்தறிகிறது.

அந்நாளில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் பிறர் கருவிகளைத் தன் கம்பியில் நேரடியாக இணைக்க விடவில்லை. ஆகவே, தொலைபேசிக் கைப்பிடியை இரண்டு ரப்பர்க் குழிகளில் அமர்த்தி, உண்மையாகவே காற்றின் வழியே ஒலியைச் செலுத்தும் கருவிகள் வந்தன. 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் வழங்கிய தீர்ப்பே பிறர் கருவிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் அடுத்த பெரிய படி. எண்களைச் சுழற்றுவது, பதில் சொல்வது, இணைப்பைத் துண்டிப்பது ஆகிய எல்லாவற்றையும் கணிப்பொறியே எழுத்துக்கள் மூலம் மோடத்திற்கு ஆணையிட முடிந்தது. ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்களோடு இந்த ஆணைகள் தொடங்கும். இம்முறையைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின. 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் இம்முறை வழக்கொழியவில்லை என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

வேகத்திற்கு ஓர் எல்லை

300 பிட் வேகத்தில் வினாடிக்கு 30 எழுத்துக்களே செல்லும். 80 எழுத்துக்கள் கொண்ட 25 வரிகள், அதாவது ஒரு திரை நிரம்ப, ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகும். வேகத்தைக் கூட்ட, ஒலியின் அதிர்வெண்ணை மட்டுமன்றி அதன் வீச்சையும் கட்டத்தையும் மாற்றும் முறைகள் வந்தன. 2,400 பிட் மோடம் வினாடிக்கு 600 முறைதான் தன் ஒலியை மாற்றுகிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் 16 வகை ஒலிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால், ஒரே மாற்றத்தில் 4 பிட்டுகள் சென்றுவிடுகின்றன.

இப்படியே 16-ஐ 1,000 ஆக்கி, 1,000-ஐ லட்சமாக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. கம்பியில் எப்போதும் சிறிது இரைச்சல் உண்டு. ஒலி வகைகள் ஒன்றுக்கொன்று நெருங்க நெருங்க, இரைச்சல் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். இந்த எல்லையை 1948-இல் கிளாட் ஷானன் ஒரு சூத்திரமாகத் தந்தார். சைகையின் திறன் இரைச்சலைப் போல் 1,000 மடங்கு என்று கொள்வோம். 2-ஐ 10 முறை பெருக்கினால் 1,024; ஏறக்குறைய 1,000. அந்த 10-ஐ வாய்க்காலின் அகலமான 3,100-ஆல் பெருக்குங்கள். வினாடிக்குச் சுமார் 31,000 பிட்டுகள்! கம்பி இன்னும் சற்றுத் தூயதாக இருந்தால் எல்லையும் சற்று உயரும். பின்னாளில் வந்த மோடங்கள் 33,600 வரை எட்டின. 1998-இல் தரப்படுத்தப்பட்ட 56,000 பிட் மோடம் எப்படி வந்தது என்கிறீர்களா? அதில் சேவை நிறுவனத்தின் முனை தொலைபேசி நிலையத்தோடு எண் வடிவிலேயே இணைந்திருந்தது. அதனால் அந்தத் திசையில் இரைச்சல் குறைந்தது. இரண்டு முனைகளிலும் சாதாரண மோடங்களே இருந்தால் அந்த வேகம் கிட்டாது.

இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அன்றைய மதராஸ் உட்பட நம் நகரங்களில் வீடுகளுக்குள் இணையம் நுழைந்ததும் இந்த மோடம் ஒலியின் வழியாகத்தான். இணைப்புக் கிடைக்குமுன் கேட்ட கீச்சொலியும் இரைச்சலும் பலருக்கு நினைவிருக்கும். கச்சேரிக்கு முன் வித்துவான்கள் சுருதி சேர்ப்பது போல, இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசுவது என்று உடன்பாடு செய்துகொள்ளும் ஓசை அது.

இன்று தடையாக நிற்பது எது?

அன்று எண்கள் குரலைப் போல வேடமிட்டுத் தொலைபேசியில் சென்றன. இன்று நிலைமை தலைகீழ். பெரும்பாலான இடங்களில் குரல்தான் எண்களாக மாறி, இணையத்தின் வழியே சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. பொதுவாக ஒரு பொட்டலத்தில் 20 மில்லி வினாடிக் குரல் இருக்கும். வழியில் ஒரு பொட்டலம் தவறிப்போனால், கருவி அந்த இடைவெளியை முந்தைய ஒலியைக் கொண்டே நிரப்பிவிடும். நம் காது அதைக் கவனிப்பதுகூட இல்லை. மோடத்திற்கோ, 2,400 பிட் வேகத்தில் அந்த 20 மில்லி வினாடி என்பது 48 பிட்டுகள். ஏறக்குறைய ஐந்து எழுத்துக்கள் அழிந்துவிடும். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதால் ஏற்படும் காலத் தடுமாற்றமும் அலையின் கட்டத்தைக் குலைக்கும். இன்னும் சில இடங்களில், வினாடிக்கு 8,000 பிட்டுகளில் அடங்குமாறு குரலைச் சுருக்குகிறார்கள். அம்முறை மனிதப் பேச்சின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. மோடத்தின் ஒலியோ மனிதப் பேச்சன்று. அது அங்கே உருத்தெரியாமல் சிதைந்துவிடும்.

அழைப்பதற்கான எண்களும் குறைந்துவருகின்றன. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் தொலைபேசி வழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது.

வீட்டிலேயே ஒரு தொலைபேசி நிலையம்

பழைய கம்பி இல்லையென்றால் என்ன? அதை நாமே அமைத்துக்கொள்ளலாம். இரண்டு மோடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழைய கணிப்பொறியில். மற்றொன்று ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறிய இன்றைய கணிப்பொறியில். இரண்டையும் ஒரு தொலைபேசிக் கம்பியால் இணைத்து, அதன் இரு இழைகளுள் ஒன்றை வெட்டி, இடையில் 9 வோல்ட் பேட்டரியையும் சில நூறு ஓம் மின்தடையையும் தொடராகச் சேருங்கள். தொலைபேசி நிலையம் கம்பியில் செலுத்தும் மின்னோட்டத்திற்கு இது ஈடாகிறது. டயல் ஒலி இங்கே வராது. ஆகவே ‘அதற்காகக் காத்திராமல் அழை’ என்று ஒரு மோடத்திற்கும், ‘பதில் சொல்’ என்று மற்றதற்கும் ஆணையிட வேண்டும். பல மோடங்கள் இதற்கு இணங்குகின்றன. ஓர் எச்சரிக்கை: சேவையில் உள்ள தொலைபேசிக் கம்பியோடு இந்த அமைப்பை ஒருபோதும் இணைக்கக் கூடாது. மணியடிக்கும்போது அதில் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னழுத்தம் பாயக்கூடும்.

மோடமே கிடைக்காதவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.8266 போன்ற சிறு சில்லைத் தொடர் முனையில் பொருத்துகிறார்கள். சில்லின் 3.3 வோல்ட்டை ஆர்.எஸ்.232 அழுத்தமாக மாற்ற, இடையில் ஒரு மாற்றிச் சில்லு தேவை. சில்லினுள் இருக்கும் நிரல் ஒரு ஹேய்ஸ் மோடத்தைப் போலவே நடிக்கும். பழைய கணிப்பொறி தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்து ‘அழை’ என்கிறது. சில்லு அந்த முகவரியோடு இணைத்துவிடுகிறது. எதிரில் இருப்பது மோடமே அன்று என்பது பழைய பொறிக்குத் தெரியவே தெரியாது!

இணைந்த பின்

வேகத்தைப் பழைய பொறியின் திறத்திற்கு ஏற்பவே வைக்க வேண்டும். வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஏறக்குறைய ஒரு மில்லி வினாடிக்கு ஓர் எழுத்து வரும். 8088-க்கு அது சுமார் 5,000 துடிப்புகள், சமாளித்துவிடும். 57,600-இல் 830 துடிப்புகள்தாம். முதல் ஐ.பி.எம். பொறியின் தொடர் முனையை நடத்திய 8250 சில்லு ஒரே ஓர் எழுத்தை மட்டுமே காத்து வைக்கும். அதை எடுக்குமுன் அடுத்தது வந்துவிட்டால் முந்தையது தொலைந்தது! பின்னாளில் வந்த 16550 சில்லு 16 எழுத்துக்கள் வரை காத்து வைப்பதால் நிலைமை சீரானது.

கோப்புகளை அனுப்ப, 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் முறையே இன்றும் போதும். அது கோப்பை 128 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் கூட்டுத் தொகையையும் உடன் அனுப்புகிறது. மறுமுனை கூட்டிப் பார்க்கிறது. சரியென்றால் ‘அடுத்தது’, தவறென்றால் ‘மீண்டும் அனுப்பு’ என்கிறது. 1978-இல் இவரும் ராண்டி சூஸும் சிகாகோவில் தொடங்கிய கணிப்பொறி அறிவிப்புப் பலகைக்கும் மக்கள் மோடம் வழியேதான் வந்தார்கள். அதன் வழிவந்த அறிவிப்புப் பலகைகள் சில இன்றும் இணையத்தில் இயங்குகின்றன. அங்கே பழைய பொறி இயல்பாக உலாவும்.

இன்றைய வலைத்தளங்கள் அப்படியல்ல. அவற்றின் மறைகுறியீட்டுக் கணக்குகள் 8088-இன் திறனுக்கு அப்பாற்பட்டவை. இடையில் ஒரு புதிய கணிப்பொறி துபாஷியாக இருந்து பக்கங்களை எளிமைப்படுத்தித் தர வேண்டும். 10 லட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படம் 2,400 பிட் வேகத்தில் வந்து சேர 70 நிமிடங்கள் ஆகும். ஆனால், ஓர் ஆய்வேட்டின் 200 பக்க எழுத்து, பக்கத்திற்கு 2,000 எழுத்து வீதம் 4 லட்சம் பைட். அரை மணி நேரத்தில் பத்திரமாக வெளியே வந்துவிடும்.

40 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொறியோடு இன்றைய பொறி பேச முடிவது எதனால்? 0-க்கு எந்த மின்னழுத்தம், 65-க்கு எந்த எழுத்து, அழைக்க எந்த ஆணை என்பனவெல்லாம் எவரும் படித்து அறியும்படி எழுதி வைக்கப்பட்டன. கம்பிகள் மாறின, தொலைபேசி நிலையங்கள் மாறின, எழுதி வைத்த விதிகள் மாறவில்லை. விதி தெரிந்த மாணவர் ஒருவர் இருக்கும் வரை, பழைய தகட்டில் உறங்கும் எழுத்துக்களுக்கு வெளியே வர ஒரு வழி இருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு தகடு இருக்குமானால், அதன் காந்தம் மங்குமுன் எடுத்துப் பாருங்கள்.