காரணி அறியப்படாத பகு எண்கள்

ஓர் எண் பகா எண் அன்று, பகு எண்ணே என்று ஐயமற நிறுவிய பின்னரும், எவ்வெண்களைப் பெருக்கினால் அது கிடைக்கும் என்று ஒருவராலும் கூற இயலாதிருத்தல் கூடுமோ? கூடும் என்பதற்கு ஃபெர்மா எண்கள் சிறந்த சான்றாகும்.

2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இருமடங்காக உயர்த்தி, ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 ஆகிய எண்கள் கிடைக்கின்றன. இவை ஐந்தும் பகா எண்கள். தூலூஸ் நகர நீதிமன்ற உறுப்பினராயிருந்து, ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்ற பியர் தெ ஃபெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் யாவுமே பகா எண்கள் என்று 1640ஆம் ஆண்டில் கருதினார். நிறுவல் எதுவும் அவரிடம் இல்லை. அடுத்த எண்ணாகிய 4,29,49,67,297ஐ ஆய்லர் 1732இல் 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டியதும் அக்கருத்து வீழ்ந்தது.

641 இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இன்றியே காணலாம். 5 × 128 = 640; ஆதலின் 641ஆல் வகுக்கும்போது 5 × 128க்கு மீதி −1. நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால், 5இன் 4ஆம் அடுக்கையும் 2இன் 28ஆம் அடுக்கையும் பெருக்கிவரும் தொகைக்கு மீதி 1. மற்றொரு புறம், 625 + 16 = 641; எனவே 5இன் 4ஆம் அடுக்கிற்குப் பதிலாக, 2இன் 4ஆம் அடுக்கை எதிர்க்குறியுடன் இடலாம். அவ்வாறு இட்டால், 2இன் 32ஆம் அடுக்கிற்கு மீதி −1 என்றாகிறது. அதனுடன் 1ஐக் கூட்டினால் மீதி ஏதுமில்லை. வாசகர் இதனைத் தாளில் எழுதிப் பார்த்தல் நன்று.

காரணியைக் காணாமலே பகு எண் என்று அறிவது எங்ஙனம்? இதற்கும் ஃபெர்மாவின் தேற்றமே துணை. பகா எண் ஒன்றை எடுத்து, அதனால் வகுபடாத எண்ணை, அப்பகா எண்ணிற்கு ஒன்று குறைந்த அடுக்கிற்கு உயர்த்தி வகுத்தால், மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும். 15ஐ எடுத்துக்கொள்வோம். 2இன் 14ஆம் அடுக்கு 16,384. 15ஆல் வகுக்க மீதி 4. ஆகவே 15 பகா எண் அன்று. 3, 5 என்ற பேச்சே இங்கு எழவில்லை! எனினும் மீதி 1 வந்தமையால் மட்டும் பகா எண் எனத் துணிதல் தவறு. ஃபெர்மா எண்கள் யாவும், பகு எண்களாயினும், 2ஐக் கொண்டு செய்யும் இச்சோதனையில் தேறிவிடுகின்றன. 3ஐக் கொண்டு செய்யத்தக்க பிழையற்ற சோதனையொன்றைப் பெப்பின் 1877இல் அளித்தார்.

2இன் 128ஆம் அடுக்குடன் 1ஐக் கூட்டி வரும் 39 இலக்க எண் பகு எண் என்பது 1905இலேயே தெரிந்துவிட்டது. அதன் காரணிகளை மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணிப்பொறியின் உதவியால் கண்டது 1970இல். இடைப்பட்ட காலம் 65 ஆண்டுகள். இவ்விரு வேலைகளின் கடுமையில் உள்ள வேற்றுமை வெறும் கணித விநோதம் அன்று. 1977இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைக்குறி முறை, பெரும் பகு எண்ணைப் பிரித்தல் அரிது என்பதையே அரணாகக் கொண்டுள்ளது. எந்த எண்ணும் பகா எண்ணா, அன்றா என்பதை விரைவில் உறுதியாகக் கூறவல்ல வழியைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகிய மூவர் 2002இல் வெளியிட்டனர். அவ்வழியும் காரணிகளைத் தருவதில்லை.

அடுக்கு 10,48,576 ஆக உள்ள ஃபெர்மா எண்ணுக்கு 3,15,653 இலக்கங்கள் உண்டு. பக்கத்திற்கு 2,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் 158 பக்கங்கள் வேண்டும். அது பகு எண் என்று யங், பியூயல் ஆகியோர் 1988இல் அறிவித்தனர். அதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 41,94,304இன் மடங்கிற்கு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது வரை தெரியும். அத்தகைய காரணி ஒன்றேனும் இதுவரை அகப்படவில்லை.