உக்திமாத்ரமும் திருவெட்டெழுத்தும்: திருக்கண்ணபுரப் பாசுரங்கள் காட்டும் திருநாம நெறி

திருநாமம் சொல்லுவது உபாயமா, அன்றா என்னும் கேள்வி ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தத்தில் எளிதாகக் கடந்துபோகத் தக்கதன்று. பேற்றுக்கு எம்பெருமானே உபாயம் என்று அறுதியிட்ட ஸம்ப்ரதாயத்தில், நாவினால் செய்யும் ஒரு செயலுக்கு இடம் எங்கே? இடம் இல்லையெனில், ஆழ்வார்கள் உலகத்தாரை அழைத்து அழைத்துத் திருநாமம் சொல்லச் சொல்லுவது எதற்காக? இவ்விரண்டு கேள்விகளுக்கும் திருக்கண்ணபுர விஷயமான இரண்டு பாசுரங்களும் அவற்றுக்குப் பூர்வாசார்யர்கள் கண்ட பொருளும் விடை தருகின்றன.

நன்னிலத்துக்குக் கிழக்கே, காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்களின் நடுவே உள்ளது திருக்கண்ணபுரம். பழைய தஞ்சை ஜில்லாவில் நன்னிலம் தாலுக்காவைச் சேர்ந்திருந்த இத்திவ்யதேசம் இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மூலவர் நீலமேகப் பெருமாள். உத்ஸவர் சௌரிராஜப் பெருமாள். தாயார் கண்ணபுர நாயகி. பெரியாழ்வார், ஆண்டாள், குலசேகராழ்வார், நம்மாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகிய ஐவர் இத்தலத்தைப் பாடியுள்ளனர். பெரிய திருமொழியின் 8ஆம் பத்து முழுவதும், அதாவது 10 திருமொழிகளும், இத்தலத்துக்கே உரியவை. அஷ்டாக்ஷர மஹாமந்த்ரம் ஸித்தி பெறும் க்ஷேத்ரம் என்று பெரியோர் இதனைக் கொண்டாடுவர். அக்கொண்டாட்டத்துக்கு அருளிச்செயலிலேயே ஆதாரம் உண்டு என்பது பின்னர் விளங்கும்.

முதலில் திருவாய்மொழி. 9ஆம் பத்தின் 9ஆம் திருவாய்மொழியில் ஆழ்வார் மாலைப்பொழுதின் துயரால் மிகத் தளர்ந்து நிற்கிறார். அதனை அடுத்த திருக்கண்ணபுரத் திருவாய்மொழியிலோ அவர் தேறியிருப்பது மட்டுமன்றி, பிறர்க்கு உபதேசிக்கவும் தொடங்குகிறார். சரீரம் முடியுமளவில் பேறு தப்பாது என்னும் உறுதி பெற்றமையே இதற்குக் காரணம். நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டின் போக்கில் பார்த்தால், இவ்வுபதேசத்தில் மூன்று படிகள் தோன்றும். காலையும் மாலையும் மலரிட்டுத் தொழ வல்லார்க்குப் பக்தி முதற்படி. அதற்கு மாட்டாதார்க்கு 5ஆம் பாசுரத்தில் சரணாகதி. அந்த அத்யவஸாயமும் கூடாதார்க்கு 10ஆம் பாசுரத்தில் உக்திமாத்ரம். திருக்கண்ணபுரம் என்று வாயாற் சொன்ன அளவிலே துயர் அணுகாது என்கிறார் ஆழ்வார்.

சொல்லும்படி அவர் விதித்தது எம்பெருமானுடைய திருநாமத்தையன்று, அவன் உறையும் ஊரின் பெயரை என்பது இங்கே ஊன்றி நோக்கத் தக்கது. எம்பெருமான் திவ்யதேசங்களில் வந்து நிற்பது சேதநர் வருந்தி அழைத்ததனால் அன்று. தானே உகந்து வந்து நிற்கிறான். அதனால் அவை ‘உகந்தருளின நிலங்கள்’ என்று வழங்கப்படுகின்றன. ஊரின் பெயரைச் சொல்லுபவன் அவ்வுகப்பைச் சொன்னவனாகிறான். வேதத்துக்கும் எட்டாத பரத்வத்தைச் சொல்லத் தெரியாதவனும், வயல்களின் நடுவே நிற்கும் இந்த ஸௌலப்யத்தைச் சொல்ல வல்லவன். ஆகவே கடைப்படியில் நிற்பவனுக்கு ஊரின் பெயரே திருநாமமாகிறது.

இனி, இவ்வுக்தி மூன்றாவதொரு உபாயமாகிவிடாதோ எனில், ஆகாது. நாமத்தின் சக்தி சொல்லுகிறவனுடைய அறிவையோ தகுதியையோ பற்றி நிற்பதன்று. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் திருமந்த்ரத்தின் பெருமையைச் சொல்லுமிடத்து, நாமத்துக்கு உரியவன் தூரத்தில் இருந்தாலும் நாமம் அருகே நின்று உதவும் என்பதற்கு த்ரௌபதியை எடுத்துக்காட்டுகிறார். கண்ணன் த்வாரகையில் இருக்க, ஸபையில் அவளுக்குப் புடவையாய்ச் சுரந்தது திருநாமம். அவள் அப்போது ஜபத்துக்குரிய நியமங்களோடு இருந்தவள் அல்லள், வேறு புகலற்றிருந்தவள். திருமண்டங்குடியில் அவதரித்த தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் இதற்கும் ஒருபடி மேலே செல்கிறார். யமனும் முத்கலனும் பேசிக்கொண்டதில் திருநாமம் காதில் விழுந்த மாத்திரத்தில் நரகத்தில் இருந்தார்க்கும் அவ்விடம் ஸ்வர்க்கமாயிற்று என்பது அவர் காட்டும் இதிஹாஸம். கேட்டவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் பக்கல் உபாயம் என்று சொல்லத்தக்க செயல் எதுவும் இல்லாதிருக்கவே பலன் உண்டாயிற்று.

வேதாந்த தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபந்நர்களை வகுக்குமிடத்து, உக்திநிஷ்டன் என்று ஓர் அதிகாரியைக் காட்டுகிறார். ப்ரபத்தியின் அங்கங்களைத் தெளிய அறிந்து அநுஷ்டிக்க மாட்டாதவன், ஆசார்யன் உபதேசித்த சரணாகதி வாக்யத்தைச் சொல்லுவதாலே எம்பெருமானுடைய திருவுள்ளத்துக்கு இலக்காகிறான். ஈட்டில் சொல்லப்படும் உக்திமாத்ரமும் தேசிகன் சொல்லும் உக்திநிஷ்டையும் ஒன்றல்ல. முன்னது ப்ரபத்திக்கும் ஆற்றல் இல்லாதவனைப் பற்றியது. பின்னது ப்ரபத்தியிலேயே ஒரு வகை. ப்ரபத்தியின் ஸ்வரூபத்தைப் பற்றி இரு கலையாரும் வேறுபடுவர். ஆயினும், சொல்லைப் பலனோடு சேர்ப்பது சொல்லுகிறவனுடைய திறமை அன்று, கேட்கிறவனுடைய கருணையே என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி இரண்டாவது பாசுரம். பெரிய திருமொழி 8ஆம் பத்தின் இறுதித் திருமொழியில், 3ஆம் பாசுரத்தில், திருமங்கையாழ்வார் கண்ணபுரத்து எம்பெருமானை நோக்கித் தாம் திருவெட்டெழுத்தைக் கற்றதனால் அறிந்துகொண்டது இன்னது என்று விண்ணப்பிக்கிறார். வேறு தெய்வம் உண்டென்று இருப்பாரோடு உறவில்லை என்பது ஒன்று. எம்பெருமானுடைய அடியார்க்கு அடிமை என்பது மற்றொன்று. ப்ரணவம், நமஸ், நாராயணாய என்னும் மூன்று பதங்களில், ப்ரணவம் ஆத்மா அவனுக்கே உரியது என்கிறது. நமஸ் ‘எனக்கு உரியேன் அல்லேன்’ என்று அறுக்கிறது. நாராயணாய என்பது கைங்கர்யத்தைக் காட்டுகிறது. அவனுக்கே உரியேன் என்னும் உணர்வு முதிர்ந்தால், அவன் உகந்த அடியார்க்கும் உரியேன் என்னும் அளவில் சென்று நிற்கும். இதனால் பாகவத சேஷத்வம் திருமந்த்ரத்துக்கு எல்லைநிலமாயிற்று. இத்தலத்தை அஷ்டாக்ஷரத்தோடு இணைத்துச் சொல்லும் வழக்குக்கு இப்பாசுரமே உரிய ஆதாரம்.

இரு பாசுரங்களையும் சேர்த்து நோக்கினால் நாம நெறியின் தொடக்கமும் முடிவும் புலனாகும். தொடக்கத்துக்கு எந்தத் தகுதியும் வேண்டா. ஊரின் பெயரைச் சொல்லும் வாய் போதும். முடிவோ, எண்ணிக்கையில் இல்லை. எத்தனை ஆயிரம் உரு என்று கணக்கிட்டு, அக்கணக்கைக் கொண்டு பிறரைச் சிறியராக எண்ணுபவன், நமஸ்ஸின் பொருளை இழந்து எழுத்துக்களை மட்டும் சொன்னவனாகிறான். கல்வியும் நியமமும் இன்றித் திருக்கண்ணபுரம் என்று சொல்லித் தொழுபவனைக் கண்டு, ‘இவனும் நமக்கு ஸ்வாமி’ என்று நினைக்க வல்லவனோ, எட்டெழுத்தைக் கற்றவனாகிறான். உக்திமாத்ரம் உடையவனும் திருவெட்டெழுத்தை ஓதியுணர்ந்தவனும் ஒரே ஸந்நிதியில் நிற்கிறார்கள். முன்னவனை எம்பெருமான் கைக்கொள்ளுகிறான். பின்னவன் அம்முன்னவனுக்கு அடிமையாகிறான். திருநாமத்துக்குப் பலன் இதுவே.