வெட்டும் கையும் ஒட்டும் கையும்

"வெட்டுன கைய டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போயி ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?" தண்டனை பற்றி நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தால், இது சிரித்துக் கடக்கிற கேள்வி இல்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கூடி உட்கார்ந்து முடிவு சொன்ன கேள்வி இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஷரீஅத்' என்றாலே கைவெட்டு, கல்லடி என்ற சித்திரத்தை நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் பெரும்பாலானவற்றில் இத்தண்டனைகள் நடைமுறையில் இல்லை. உடலைத் தண்டிப்பது இஸ்லாத்தின் ஏகபோகமும் அல்ல. சிங்கப்பூரின் பிரம்படி ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம். அங்கும் மருத்துவ அதிகாரி பக்கத்தில் நின்றாக வேண்டும். 1982இல் அமெரிக்கா விஷ ஊசி போட்டுக் கொல்லத் தொடங்கியது. ஆகவே, என் அக்கறை மதத்தின் மீதல்ல. தண்டிக்கும் அதிகாரமும் மருத்துவமும் ஒரே உடலின் மேல் சந்தித்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதே.

இஸ்லாமியக் குற்றவியலில் தண்டனைகள் மூன்று வகை. திருட்டு முதலான சில குற்றங்களுக்கு முன்பே வரையறுக்கப்பட்ட 'ஹத்து'. கொலைக்கும் காயத்துக்கும் பாதிக்கப்பட்டவர் தரப்பு கோரக்கூடிய சரிக்குச் சரியான 'கிஸாஸ்'. நீதிபதியின் விருப்புரிமைக்கு விடப்பட்ட 'தஃஸீர்'. மருத்துவம் முதல் இரண்டையும்தான் அதிகமாகக் குடைகிறது.

பழைய காலத்தில் கையை வெட்டியதும் ரத்தம் நிற்பதற்காகக் கொதிக்கும் எண்ணெயில் தோய்ப்பார்கள். அதாவது அன்றும் தண்டனைக்குள் ஒரு வைத்தியம் இருந்தது; ஆளைக் காப்பாற்றுவதோடு அது நின்றுகொண்டது. 1962இல் பாஸ்டனில் துண்டான சிறுவன் ஒருவனின் புஜத்தை மீண்டும் பொருத்தினார்கள். 1963இல் ஷாங்காயில் ஒரு தொழிலாளியின் கையை ஒட்டினார்கள். அதன் பிறகு கேள்வி மாறிவிட்டது. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி முடிவெடுத்தது: ஹத்தில் வெட்டப்பட்ட உறுப்பைத் திரும்ப ஒட்டக் கூடாது. கிஸாஸில் என்றால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாலோ, அவர் தன் உறுப்பை ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஒட்டலாம்.

இந்த முடிவு ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறது. கை வெட்டப்படுவது தண்டனை அல்ல. காலமெல்லாம் கை இல்லாமல் திரிவதே தண்டனை. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்ததால் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அறுவை மருத்துவம் இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டது. அப்போ சட்டத்துக்கு ஒரே வழிதான்: சிகிச்சையைத் தடைசெய்வது. 1994இல் சதாமின் ஈராக், ராணுவத்தை விட்டு ஓடியவர்களின் காதை அறுத்து நெற்றியில் சூடு போட்டது. அந்த வடுவைச் சரிசெய்வதையும் தடைசெய்தது. அது ஷரீஅத் அல்ல, பாத் கட்சி அரசின் ஆணை. ஆனாலும் தர்க்கம் ஒன்றேதான்.

கிஸாஸ் விஷயம் இதற்கு நேர்மாறானது. துல்லியமாகச் சரிக்குச் சரி செய்ய முடியாத காயங்களுக்கு, எலும்பு முறிவுக்கோ வயிற்றுக்குள் பாயும் காயத்துக்கோ, பழைய சட்ட அறிஞர்கள் கிஸாஸைக் கைவிட்டு இழப்பீட்டுக்குப் போனார்கள். அளக்க முடியாத கத்தி கூடுதலாக வெட்டிவிடும் என்ற அச்சம் அது. கத்தியின் திறமைக்குறைவே கருணையாக இருந்தது என்று சொல்லலாம். நவீன மருத்துவமோ "என்னால் அளக்க முடியும்" என்கிறது. 2010இல் சவூதியின் தபூக்கில் ஒரு நீதிபதி, குற்றவாளியின் தண்டுவடத்தைச் சேதப்படுத்தி முடமாக்க இயலுமா என்று மருத்துவமனைகளைக் கேட்டார். ஈரானில் அமிலம் வீசப்பட்டுப் பார்வை இழந்த ஆமெனா பஹ்ராமிக்காக, வீசியவனின் கண்ணிலும் அமிலம் விட 2008இல் தீர்ப்பாயிற்று. 2011 ஜூலையில், கடைசி நேரத்தில், அவரே மன்னித்தார். 2015 மார்ச்சில் கரஜ் அருகே ஒரு சிறையில் வேறொருவரின் இடக்கண் நிஜமாகவே குருடாக்கப்பட்டது.

ஆகவே மருத்துவம் முன்னேற முன்னேறக் கொடுமை தானாகக் குறையும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தூக்குமேடைக்காரன் போன இடத்துக்கு மருத்துவர் உள்ளிட்ட நிபுணர் படை வந்து சேர்ந்ததை ஃபூக்கோ 1975இலேயே எழுதிவிட்டார். 1990களில் காபூலின் காஸி மைதானத்தில் மயக்க மருந்து கொடுத்துக் கை வெட்டியவர்கள் டாக்டர்கள்தான். 2015 ஜனவரியில் ஜித்தாவில் ரைஃப் பதாவிக்கு 1000 சவுக்கடியில் முதல் 50 விழுந்தது. அடுத்த வாரம், புண் ஆறவில்லை என்று டாக்டர் சொன்னதால் அடி தள்ளிப்போனது. புண் ஆறினால்? அந்த டாக்டர் காப்பாற்றினாரா, அடுத்த அடிக்குத் தயார்செய்தாரா?

மருத்துவத்தின் உண்மையான சவால் அதன் மறுப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜியா உல் ஹக்கின் 1979 ஆணை, கையை வெட்டுவது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ அதிகாரியின் வேலை என்றது. அந்த ஆணையின்படி பாகிஸ்தானில் ஒரு கையும் வெட்டப்படவில்லை. டாக்டர்களின் தயக்கமும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சித்திரவதையில் மருத்துவர் பங்கேற்கக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் டோக்கியோவில் அறிவித்ததும் 1975இல்தான்.

இது வெளியிலிருந்து இஸ்லாத்தின் மேல் எறியப்படும் கல் அல்ல. சந்தேகம் இருந்தால் ஹத்தைத் தவிர்க்கச் சொல்வது ஃபிக்ஹின் சொந்த விதி. பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் திருட்டுக்கான தண்டனையை நிறுத்திவைத்தார் என்பது அதன் சொந்த மரபு. கிஸாஸ் பேசும் குர்ஆன் வசனமே (5:45) மன்னிப்பதை உயர்த்திச் சொல்கிறது. மறுக்கிற மருத்துவர் இந்த மரபுக்கு அந்நியர் இல்லை.

நண்பரின் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். ஒட்டத் தெரிந்த கையையே கூப்பிட்டு வெட்டச் சொல்கிறது அரசு. அந்தக் கை "மாட்டேன்" என்று சொன்னால் என்ன பண்ணுவாங்க?