தொப்பூர் கணவாய்: தடத்திலிருந்து வேகத்தைக் கணித்தல்

தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் வளைந்து இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று அங்கே நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள்மீது லாரி ஒன்று மோதியதில் நால்வர் இறந்தனர். இத்தகைய மோதலில் லாரி வந்த வேகத்தைச் சாலையில் கிடக்கும் தடயங்களே சொல்லிவிடும். கணக்கு, வாகனங்கள் ஓய்ந்து நின்ற இடத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும். கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

முதலில் மோதிய புள்ளியைக் குறிக்க வேண்டும். கண்ணாடிச் சிதறல் உருண்டோடிவிடும். அதை மட்டும் நம்பலாகாது. தார்ப்பரப்பை இரும்பு கீறிய வடுவும், டயர் தடம் திடீரென ஒடிந்து திரும்பும் இடமும் உறுதியானவை. அப்புள்ளிக்கு முன் லாரியின் சறுக்குத் தடம் 10 மீட்டர்; பின், இரு வாகனங்களும் சிக்கிக்கொண்டு, சக்கரங்கள் இறுகியபடி சறுக்கியது 14 மீட்டர்.

அடுத்து எடை. பதிவுச் சான்றில் உள்ள வெற்று எடையோடு, எடைமேடைச் சீட்டில் உள்ள சரக்கின் எடையைக் கூட்ட வேண்டும். மோதிய லாரி 15 டன், நின்றிருந்தது 5 டன் என்று கொள்வோம்.

மூன்றாவது, சாலையின் பிடிப்பு. போக்குவரத்தை நிறுத்திவிட்டு, அதே இறக்கத்தில், அதே திசையில் ஒரு லாரியை மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டி முழு பிரேக் பிடிக்கிறார்கள். 11.2 மீட்டரில் நின்றால் தடைக் குணகம் 0.56. தாரின் உராய்வும் சாலையின் சரிவும் இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுவதால் சரிவைத் தனியே அளக்கத் தேவையில்லை. மிக நேர்த்தியான சோதனை இது.

இனி கணக்கு. குணகம், புவியீர்ப்பு முடுக்கம் 9.81, தூரம் 14 ஆகியவற்றின் பெருக்கலை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 12.4 மீட்டர். மோதிய உடனே இரண்டும் சேர்ந்து நகர்ந்த வேகம் அது.

இங்கேதான் உந்த அழிவின்மை விதி வருகிறது. மோதல் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கே நீடிக்கும். அதற்குள் சாலை பறிக்கும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் அளவே. ஆகவே மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் ஒன்றே எனக் கொள்ளலாம். ஆற்றலை இப்படிச் சமன் செய்ய இயலாது: இந்த எடைகளுக்கு இயக்க ஆற்றலில் கால் பங்கு தகட்டை நசுக்குவதில் போய்விடும். 20 டன்னை 12.4ஆல் பெருக்கி 15 டன்னால் வகுத்தால், மோதிய கணத்தில் லாரியின் வேகம் நொடிக்கு 16.5 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

கடைசியாக, மோதலுக்கு முந்தைய 10 மீட்டர். அங்கே பிரேக்கில் இழந்த வேகத்தை நேரடியாகக் கூட்டக் கூடாது. வேகங்களின் வர்க்கத்தைக் கூட்டியே வர்க்கமூலம் காண வேண்டும். மோதிய கண வேகத்தின் வர்க்கமான 273உடன், 10 மீட்டர் தடத்துக்குரிய 110 சேர்ந்து 383. அதன் வர்க்கமூலம் 19.6. பிரேக் பிடிக்கத் தொடங்கியபோது லாரி மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் வந்திருக்கிறது.

குணகத்தை 0.50, 0.62 என மாற்றி மீண்டும் போட்டால் விடை 67க்கும் 74க்கும் இடையே நிற்கும். அறிக்கையில் இந்த இடைவெளியையே எழுத வேண்டும். ஒற்றை எண் பொய்யான துல்லியம் காட்டும்.

மோதலுக்கு முன் தடமே இல்லாவிட்டால் கணக்கு மோதிய கணத்தோடு நின்றுவிடும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவில்லையா, நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போனதா என்பதை, பிரேக் டிரம்மைக் கழற்றி மோட்டார் வாகன ஆய்வாளர்தான் பார்க்க வேண்டும்.