பாதை பஸ்ஸுக்கு, சீட்டு யாருக்கு?

"சாலை அகலமாக இருக்கிறது. பஸ் பாதை காலியாகக் கிடக்கிறது. எங்கள் கார் அதிலே சற்று ஏறிப்போனால் என்ன, குடியா முழுகிவிடும்? அதற்கு அபராதமா? அக்கிரமம்!"

இப்படி ஆர்ப்பரிக்கிறார்கள், காரிலே பவனி வரும் கனவான்கள். இலண்டனில் 1968ஆம் ஆண்டு வாக்ஸால் பாலத்தின்மீது பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினார்கள். அதன்பின் உலகத்திலே எத்தனையோ நகரங்கள் அப்படிக் கோடு கிழித்துவிட்டன. கோடு கிழித்த இடத்திலெல்லாம் இந்தக் கூக்குரலும் கூடவே கிளம்புகிறது. நாளை நம் ஊரில் கிழித்தாலும் கிளம்பும். ஆகவே, தோழர்களே, விடையை இன்றே தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

குடியா முழுகிவிடும் என்று கேட்கிறார்களே, முழுகத்தான் முழுகுகிறது! யாருடைய குடி? சங்கு ஊதுமுன் ஆலை வாயிலிலே நிற்கவேண்டியவன் குடி. பத்து நிமிடம் பிந்தினால் கூலியிலே பிடித்தம். மூன்று நாள் பிந்தினால் மேஸ்திரியின் முறைப்பு. மாதம் முழுதும் பிந்தினால் வேலைக்கே வேட்டு. நாலு வீட்டிலே பாத்திரம் துலக்கும் தாய் இருக்கிறாளே, அவளுக்கு 2021 மே மாதம் முதல் நமது மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. நல்ல காரியம், நாம் பெருமைப்படும் காரியம். ஆனால் டிக்கெட்டுக்குக் காசு வாங்காத பஸ், கார்க் கூட்டத்திலே சிக்கி அரைமணி நேரம் நின்றால், காசுக்குப் பதிலாகக் காலத்தைப் பறிகொடுக்கிறாளே அவள்! அந்தக் காலத்துக்கு விலை இல்லையா? இரண்டாவது வீட்டு எஜமானி விலை போட்டுச் சொல்வாள், கேளுங்கள்.

கணக்குப் பார்ப்போம். பெரிய பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். அதிலே 60 பேர். அந்த 60 பேரும் காருக்கு இரண்டு பேராக ஏறினால் 30 கார் வேண்டும். ஒரு கார் 4 மீட்டர் என்று வைத்து, இடைவெளியே இல்லாமல் ஒன்றன் முதுகிலே ஒன்றை ஒட்டி நிறுத்தினாலும் 120 மீட்டர்! பன்னிரண்டுக்கும் நூற்றிருபதுக்கும் உள்ள பேதம்தான் இந்த வழக்கு முழுவதும். காருக்கு இரண்டு பேர் என்று நாம் போட்டதும் தாராளக் கணக்கு. பல கார்களிலே ஒருவர்தான் இருக்கிறார்.

"காலியாகக் கிடக்கிறதே!" என்பது அடுத்த வாதம். காலியாகத் தெரிவதால்தான் ஐயா, அது பஸ் பாதை! 60 பேரைச் சுமந்த பஸ் தடையில்லாமல் போய்விட்டது. அடுத்தது வர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கார் நுழைகிறது. அதைப் பார்த்து இன்னொன்று. மூன்றாவது கார் ஓரமாக நின்று ஆளை ஏற்றுகிறது. வருகிற பஸ்ஸோ அதன் பின்னால் நின்று முனகுகிறது. ஒரே ஒருவர்தானே நுழைந்தார் என்று அந்தக் கனவான் நினைக்கிறார். அறுபது பேர் நின்றார்கள் என்பது அவருடைய கண்ணாடிக்குள் தெரிவதில்லை.

டில்லியிலே என்ன நடந்தது என்பதைத் தோழர்கள் அறிந்துகொள்ளவேண்டும். 2008இல், ஷீலா தீட்சித் முதலமைச்சராக இருந்த காலம், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குச் சாலையின் நடுவிலே பஸ் பாதை போட்டார்கள். கார்கள் உள்ளே பாய்ந்தன. ஆட்களை நிறுத்திக் கையைக் காட்டித் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. திட்டத்திலே குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. நடுச்சாலையிலே பஸ் நிறுத்தம், அங்கே போக மக்கள் கார் வரிசையைக் கடக்கவேண்டும், சிக்னலிலே நீண்ட நேரம் நிற்கவேண்டும். ஆனால் குறையைத் திருத்து என்றா கேட்டார்கள்? பாதையையே எடு என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். செல்வத்தைப் படைப்பவர்களே கார்க்காரர்கள்தாம், அவர்களுடைய நேரம் வீணாகலாமா என்றும் வாதம் எழுந்தது!

செல்வத்தைப் படைப்பவர்கள்! கொல்லுப்பட்டறையிலே இரும்பை வளைப்பவன் அல்ல, சாரத்திலே ஏறிச் செங்கல் அடுக்குபவன் அல்ல. குளிர்ந்த காரிலே சாய்ந்திருப்பவர் படைக்கிறாராம்!

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது சில காலம் கார்கள் அந்தப் பாதையிலே செல்லவும் இடம் கிடைத்தது. 2012 அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பஸ் பாதைக்கு நீதி கிடைத்தது. கிடைத்து என்ன? 2015இல் பாதையைக் கலைத்துவிட ஆட்சியினர் முடிவெடுத்தார்கள், 2016இல் இடித்தார்கள். நீதிமன்றத்திலே தோற்றவர்கள் தெருவிலே வென்றார்கள். கட்டிடத்தை இடிக்கக் கடப்பாரை வேண்டும். சட்டத்தை இடிக்க, தினம் நூறு பேர் மீறுவதும், கேட்பாரில்லாமல் போவதும் போதும்.

ஆகவே, மீறினால் அபராதம் வேண்டுமா என்றால், வேண்டும். தயக்கமில்லாமல் சொல்கிறோம். சாலை யாருடையது என்ற கேள்வி நமது இயக்கத்துக்குப் புதியதல்ல. 1924இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். அந்தக் கொடுமையும் இந்தத் தொல்லையும் ஒன்று என்று கூறவில்லை. அங்கே மனிதனையே தீட்டு என்றார்கள். ஆயினும் பொதுச்சாலை பொதுமக்களுக்கு என்ற பாடத்தை நாம் கற்ற இடம் அது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் கண்டு, சென்னைப் பஸ்ஸைக் கழக ஆட்சி மக்கள் சொத்தாக்கியது. பஸ் மக்களுடையதாயிற்று, அது ஓடும் சாலை?

ஆனால், யாருக்குச் சீட்டு எழுதுவது? இங்கேதான் தொழிலாளத் தோழர்கள் விழிப்பாக இருக்கவேண்டும். ஏனென்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனும் நம்மைப் போன்றவன்தான். பின்சீட்டிலிருந்து "ஏறிப்போய்யா, நேரமாச்சு" என்று உத்தரவு போடுபவர் முதலாளி. சாலையிலே பிடிபடுபவன் சம்பளத்துக்கு வந்த டிரைவர். மாதக் கடைசியிலே கையிலிருந்து கழிபடுவதும் அவன் கூலி. 2022 ஏப்ரலில் டில்லியிலே பஸ் பாதைக் கெடுபிடியைத் தொடங்கியபோது, பாதையை விட்டு விலகும் பஸ் டிரைவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைகூட உண்டு என்று அறிவித்தார்கள். பாதையை அடைத்து நின்ற கார்களை இழுத்துப்போகவும் ஏற்பாடு செய்தார்கள், மறைக்கவில்லை. என்றாலும், முன்னே கார் அடைத்து நின்றால் அவன் பஸ்ஸைத் தலையிலே தூக்கிக்கொண்டா போவான்? விலகித்தான் ஆகவேண்டும்.

நியூயார்க்கிலே வேறு வழி கண்டிருக்கிறார்கள். 2010 முதல் காமிரா. பிறகு பஸ்ஸின் நெற்றியிலேயே காமிரா. பாதையை அடைத்த வண்டியின் எண்ணைப் படம் பிடிக்கிறது. சீட்டு வண்டியின் உரிமையாளர் வீட்டுக்குப் போகிறது. முதல் தடவை 50 டாலர். ஓராண்டுக்குள் திரும்பத் திரும்பச் செய்தால் ஏறிக்கொண்டே போய் 250. ஓட்டியவன் யார் என்ற கேள்வியே இல்லை. கான்ஸ்டபிளின் கையிலே மடித்து வைக்கும் நோட்டுக்கும் அங்கே வேலையில்லை!

இதுவும் போதாது என்போம். 250 டாலர் ஒருவனுக்கு வாரக் கூலி. இன்னொருவருக்கு ஒருவேளை விருந்துச் செலவு. பின்லாந்து நாட்டிலே வேகமாகக் கார் ஓட்டியவரின் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். பெரும் செல்வர் ஆயிரக்கணக்கான யூரோ கட்டிய கதைகள் உண்டு. பஸ் பாதைக்கும் அந்த முறை பொருந்தும் என்பது நம் கருத்து. ஆட்டோத் தோழன் சவாரியை இறக்க ஒரு நிமிடம் ஒதுங்கினால் முதலில் எச்சரிக்கை போதும். அவன் நின்று இறக்க ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு கையை நீட்டட்டும் அதிகாரிகள். சாயம் போன கோட்டைக் காட்டி அபராதம் கேட்பது வழிப்பறி. கோட்டைப் பளிச்சென்று போடட்டும், பலகையைத் தமிழிலே எழுதட்டும்.

மற்றபடி, நாலு சக்கரத்துச் சீமானுக்குச் சலுகை எதுவும் வேண்டியதில்லை. சீட்டு அவர் பங்களா வாசலுக்கே போகட்டும். அந்தத் தொகையை டிரைவரின் சம்பளத்திலே பிடிக்கக்கூடாது, பிடித்தால் அது தனிக் குற்றம் என்று ஒரு வரியைச் சட்டத்திலே சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்கவேண்டும். கோடு கிழித்தபிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.