அடிக்கு முந்திய சொல்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஆறு மாநிலங்களைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பர். அப்பகுதியில், குறிப்பாக நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் சிற்றூர்க் கூடங்களில், இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்டுவரும் கான்ட்ரா நடனம் மேடைக்குரிய கலை அன்று. பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டம் அதற்கு இல்லை. கட்டணம் கொடுத்து உள்ளே வருபவர் அனைவரும் ஆட வருபவர்களே. ஆயினும் அந்தக் கூடத்தில் பெரும்பாலும் ஆடாமல் நிற்பவர் இருவர் உண்டு. ஒருவர் மேடையில் ஒலிவாங்கியுடன் நின்று, அடுத்து ஆட வேண்டியது என்ன என்று சொல்பவர். அங்கே 'காலர்' எனப்படும் அவரை அழைப்பாளர் எனலாம். மற்றவர் வாசலில் மேசை போட்டு அமர்ந்து வருபவரை வரவேற்கும் அமைப்பாளர். இந்த நடனம் இன்றுவரை பிழைத்திருப்பதற்கு ஆடுவோரின் திறமையைக் காட்டிலும் ஆடாத இவ்விருவரின் உழைப்பே பெருங்காரணம் என்பது, அதன் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விளங்கும்.

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் வெளியிட்ட 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்னும் நூல், அக்காலத்தில் 'கன்ட்ரி டான்ஸ்' என்று வழங்கிய கூட்டு நடனங்களை மெட்டுகளோடு தொகுத்துத் தந்தது. அவற்றுள் பல, எதிரெதிராக நிற்கும் இரு நீண்ட வரிசைகளில் ஆடப்படுபவை. அவை பிரான்சுக்குச் சென்றபோது பெயர் 'கோன்த்ரதான்ஸ்' என்று திரிந்தது. பிரெஞ்சு மொழியில் 'கோன்த்ர' என்றால் எதிர் என்று பொருள். ஆடுவோர் எதிரெதிரே நிற்பதால், காதில் தவறாக விழுந்த சொல் பொருளளவில் சரியாகவே அமைந்துவிட்டது. அந்தப் பெயரின் முற்பாதியே அமெரிக்காவில் கான்ட்ரா என நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்ட்ஸும் போல்காவும் வந்து நகரங்களில் பழைய வரிசை நடனங்களைப் பின்னுக்குத் தள்ளியபோது, நியூ இங்கிலாந்தின் மலைப்புறத்து ஊர்கள் அவற்றைக் கைவிடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரத்தைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் (1903–1985) அழைப்பாளராக ஊர் ஊராகச் சென்றதோடு, 'நார்தர்ன் ஜங்கெட்' என்ற இதழை 1949 முதல் 1984 வரை நடத்தி மெட்டுகளையும் ஆட்ட முறைகளையும் எழுத்தில் ஏற்றினார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த டட்லி லாஃப்மன், 1960களிலும் 1970களிலும் கிராம வாழ்வைத் தேடி வந்த இளைஞர்களை இந்நடனத்தின் பக்கம் திருப்பினார். அவ்விளைஞர்கள் பின்னர் குடியேறிய ஊர்களிலெல்லாம் நடனமும் குடியேறியது.

ஆட்டத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அழைப்பாளரின் வேலை புரியாது. கூடத்தின் நீளவாட்டில் ஜோடிகள் இரு வரிசைகளாக எதிரெதிரே நிற்பர். இசைக்குழு இருக்கும் முனையே வரிசையின் தலை. 'ஹேண்ட்ஸ் ஃபோர்' என்று அழைப்பாளர் சொன்னதும், தலையிலிருந்து தொடங்கி இரண்டிரண்டு ஜோடிகள் நால்வராகக் கைகோத்துக்கொள்வர். ஒவ்வொரு நால்வரிலும் தலைப்பக்கம் நிற்கும் ஜோடி ஒன்றாம் எண், மற்றது இரண்டாம் எண்; ஒருவருக்குத் தம் ஜோடி 'பார்ட்னர்', அடுத்த ஜோடியிலிருந்து ஆட வருபவர் 'நெய்பர்', அதாவது அண்டையார். ஒரு சுற்று முடியும்போது ஒன்றாம் எண் ஜோடிகள் ஓரிடம் கீழே இறங்கியும் இரண்டாம் எண் ஜோடிகள் ஓரிடம் மேலே ஏறியும் இருப்பதால், அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஜோடிக்கும் வேறொரு ஜோடி அண்டையாக வாய்க்கும். முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று ஆடாமல் நின்று, இடம் மாறி, எண்ணும் மாறி மறுபடி வரிசைக்குள் நுழையும். இந்த நகர்வுக்குப் 'புரோகிரஷன்' என்று பெயர். வங்கி மேலாளரும் தச்சரும் பள்ளிப் பிள்ளையும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க நேர்வது இந்த நகர்வினாலேயே. கான்ட்ராவின் சமூகப் பயன் குறித்துப் பேசப்படும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த எளிய கணக்குத்தான்.

இசையின் கணக்கும் அவ்வாறே கறாரானது. பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 16 எண்ணிக்கை கொண்டது, ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். ஆகவே ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை. கர்நாடக இசை கேட்பவர் இதை எட்டு ஆதிதாள ஆவர்த்தனம் என்று கொண்டால் பிழையில்லை. நிமிடத்துக்கு 110 முதல் 120 வரையிலான வேகத்தில் ஒரு சுற்று அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். பதினைந்து சுற்று ஆடினால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'ரீல்' எனும் மெட்டுவகை சதுஸ்ர நடைக்கும் 'ஜிக்' எனும் வகை திஸ்ர நடைக்கும் நெருங்கியவை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களைக் கேட்டவர்களுக்கு இந்த இசையின் சாயல் புதிதாக இராது. 'வந்தே மீனாக்ஷி' அமைந்துள்ள 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து மெட்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கான்ட்ராவில் முதன்மையான கருவியும் வயலினே. அங்கே அதன் பெயர் ஃபிடில்.

இனி அழைப்பாளரின் சொல். பரதநாட்டியத்தில் நட்டுவனாரின் சொற்கட்டும் தட்டுக்கழியின் ஒலியும் ஆடுபவரின் காலும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. கான்ட்ரா அழைப்பாளரின் சொல்லோ அடியோடு சேர்ந்து வந்தால் பயனற்றது. ஆடுபவர் அதைக் கேட்டு, புரிந்து, உடலைத் திருப்புவதற்குள் ஆவர்த்தனத்தின் முதல் அடி கடந்துபோயிருக்கும். ஆதலால் அடுத்த அசைவுக்கான சொல் முந்தைய ஆவர்த்தனத்தின் கடைசி நான்கு எண்ணிக்கைக்குள், ஆதிதாளத்தில் லகு முடிந்து திருதங்கள் விழும் இடத்தில், சொல்லி முடிக்கப்பட்டாக வேண்டும். சொல்லின் வரிசையும் முக்கியம்: யாரோடு என்பது முதலில், எந்தக் கை என்பது அடுத்து, என்ன அசைவு என்பது கடைசியில். அசைவின் பெயரை முதலில் கேட்டவர் யாரோடு என்று தெரியாமல் இரு பக்கமும் திரும்பித் தவிப்பார்.

டேவிட் கேனர் அமைத்த 'தி பேபி ரோஸ்' என்ற ஆட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். புதியவர் நிறைந்த கூடத்தில் அழைப்பாளர்கள் விரும்பி எடுப்பது அது. முதல் 16 எண்ணிக்கையில் அண்டையாரின் கைபற்றி முன்னும் பின்னும் அசைந்து, பின் இருவரும் ஓர் அச்சில் விரைந்து சுழல்வர். அசைவுக்குப் 'பேலன்ஸ்' என்றும் சுழற்சிக்கு 'ஸ்விங்' என்றும் பெயர். அடுத்த எட்டில் நால்வரும் வட்டமாக இடப்பக்கம் முக்கால் சுற்று. அதற்கடுத்த எட்டில் தம் ஜோடியோடு 'டோ-சி-டோ', அதாவது திரும்பாமலே ஒருவரை ஒருவர் முதுகுப்புறமாகச் சுற்றி இடம் சேர்தல். மூன்றாம் 16இல் ஜோடியோடு பேலன்ஸும் ஸ்விங்கும். கடைசி 16இன் முற்பாதியில் பெண்கள் வலக்கை பற்றி எதிர்ப்புறம் கடந்து செல்லும் 'செயின்'. பிற்பாதியில் நால்வரும் இடக்கையை நடுவில் சேர்த்துச் சுற்றும் 'ஸ்டார்'. ஸ்டாரிலிருந்து கை விடுபடும்போது எதிரே நிற்பது புதிய அண்டையார். இசை தொடங்குமுன் இதை ஒருமுறையோ இருமுறையோ மெல்ல நடந்து பார்ப்பர். அந்த ஒத்திகையில் அதிகம் பேசுவது அழைப்பாளர்களிடையே பரவலான குறை. உடலே கற்றுக்கொள்ளக்கூடியதை வாயால் விளக்கினால், ஆடுவோரின் கால் ஆறிப்போய்விடும்.

ஒத்திகை முடிந்ததும் ஃபிடில்காரர் நான்கு எண்ணிக்கைக்குத் தாளத்தை மட்டும் அழுத்தி இழுப்பார். அதன் ஓசையை வைத்து இசைக்காரர்கள் அதற்கு இட்ட பெயர் 'நான்கு உருளைக்கிழங்கு'. அந்த உருளைக்கிழங்கின் மேல்தான் முதல் அழைப்பு சொல்லப்படுகிறது. முதல் மூன்று நான்கு சுற்றுகளுக்கு முழுச் சொல்லும் வரும். பிறகு 'இடப்பக்கம் முக்கால் வட்டம்' என்பது 'வட்டம்' என்று சுருங்கும், அதன்பின் தடுமாற்றம் எழும் இடத்தில் மட்டும் ஒரு சொல், கடைசியில் மௌனம். ஆட்டத்தின் நடுப்பகுதியில் அழைப்பாளர் பேசாதிருப்பதே அவர் நன்றாக அழைத்ததற்கு அடையாளம், ஏனெனில் சொல் ஓய்ந்த பிறகுதான் ஆடுவோர் இசையைக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த மௌனம் ஓய்வன்று. கண் வரிசைகளின் மேல் இருக்கும். ஒரு நால்வர் குலைந்தால், 'அடுத்த அண்டையாரைப் பாருங்கள்' என்று சொன்னால் போதும், புரோகிரஷன் அவர்களைப் புதிய இடத்தில் சேர்த்துவிடும். பிழையை 64 எண்ணிக்கைக்குள் அழித்துவிடும் இந்தக் குணம் கான்ட்ராவின் பெரிய கருணை. முடிக்க வேண்டிய நேரம் நெருங்கியதும் அழைப்பாளர் இசைக்குழுவுக்கு மூன்று விரல் காட்டினால், இன்னும் மூன்று சுற்று என்று பொருள்.

மாலை முழுவதற்குமான ஆட்டங்களைத் தேர்ந்து கோப்பதும் அவர் பொறுப்பே. அழைப்பாளர்கள் பலர் ஆட்டத்துக்கு ஓர் அட்டை என எழுதி ஒரு பெட்டியில் வைத்திருப்பர். முன்கூட்டியே திட்டம் வகுத்து வந்தாலும், கூடத்தில் புதியவர் பாதிப்பேர் என்று கண்டால் வேறு அட்டையை உருவத் தயங்கக்கூடாது. தமக்குப் பிடித்த கடினமான ஆட்டத்தை எப்படியாவது அழைத்துத் தீர்ப்பது என்று பிடிவாதமாக நிற்கும் அழைப்பாளரால் கூட்டம் குறைந்ததே உண்டு, கூடியதில்லை.

அண்மைக் காலத்தில் சொற்களே மாறியுள்ளன. ஜோடியில் இடப்பக்கம் நிற்பவரை 'ஜென்ட்' என்றும் வலப்பக்கம் நிற்பவரை 'லேடி' என்றும் அழைத்த வழக்கம் பல ஊர்களில் நீங்கி, 'லார்க்', 'ராபின்' என்ற இரு பறவைப் பெயர்கள் வந்துள்ளன. யாரும் எப்பக்கமும் நின்று ஆடலாம் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லும் லார்க்கும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. வலத்துக்கும் ராபினுக்கும் அதே பொருத்தம். 'ஜென்ட்ஸ்' போலவே 'லார்க்ஸ்' ஓரசை, 'லேடீஸ்' போலவே 'ராபின்ஸ்' ஈரசை என்பதால் பழைய அழைப்புகள் தாளம் கெடாமல் அப்படியே பொருந்தின. கொள்கை பற்றிய வாதம் பல இடங்களில் சூடாகவே நடந்தது. இப்பெயர்கள் நிலைத்ததற்கு இந்த அசைப் பொருத்தமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அமைப்பாளரின் வேலை இதைவிடக் கவர்ச்சி குறைந்தது, ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற எதுவும் இல்லை. முதலில் மரத்தளம் உள்ள கூடம் வேண்டும். சிமெண்டுத் தரையில் மூன்று மணி நேரம் ஆடினால் முழங்கால் தாங்காது. நியூ இங்கிலாந்தில் ஊர்மன்றங்களும், 1867இல் தோன்றிய உழவர் அமைப்பான 'கிரேஞ்ச்' சங்கத்தின் கட்டடங்களும் இதற்குக் கைகொடுத்தன. மாசசூசெட்ஸின் கிரீன்ஃபீல்டில் உள்ள கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் அவ்வாறு பெயர்பெற்ற கூடம். தளத்தைக் காக்க, தெருவில் அணியாத மென்மையான அடியுள்ள காலணி கொண்டுவருமாறு கேட்பர். இசைக்குழுவையும் அழைப்பாளரையும் பல மாதங்களுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். ஒலிக்கருவிக்கு ஆள் வேண்டும். விபத்துக் காப்பீடு வேண்டும். 1915இல் தோன்றிய 'கன்ட்ரி டான்ஸ் அண்ட் சாங் சொசைட்டி' தன் உறுப்புக் குழுக்களுக்கு அந்தக் காப்பீட்டைப் பெற்றுத் தருவதால், சிறு குழுக்களின் சுமை ஓரளவு குறைகிறது. கைகோத்து ஆடும் நடனமாதலால் 2020இல் பெருந்தொற்று வந்தபோது எல்லாக் கூடங்களும் ஒருசேர மூடப்பட்டன. திறந்தபோது முகக்கவசம், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை வாசலில் சரிபார்த்ததும் அமைப்பாளர்களே.

எனினும் அவரது உண்மையான கவலை புதியவர். ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னதாகத் தொடக்கப் பாடம் நடத்தப்படும். ஆனால் பாடம் கேட்டு வந்தவர் முதல் ஆட்டத்தில் சுவரோரம் அமர்ந்துவிட்டால், இரண்டாவதிலும் அமர்வார், இடைவேளையில் வீட்டுக்குப் போய்விடுவார். தேர்ந்தவர்கள் தங்களுக்குள் முன்கூட்டியே ஜோடி பேசிக்கொண்டு கூடத்தில் அருகருகே அமையும் வரிசை இணைகளுள் இசைக்குழுவுக்கு நேரே உள்ள நடு இணையில் கூடுவதும், புதியவர்கள் ஓர இணையில் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நிற்பதும் கான்ட்ரா உலகின் பழைய நோய். அமைப்பாளர் பழகியவர்களைத் தனியே அழைத்து, முதல் சில ஆட்டங்களுக்குப் புதியவரையே ஜோடியாகக் கேட்குமாறு வேண்டிக்கொள்வார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறு ஜோடி என்பது அங்கே மரபு. அந்த மரபை விதியாக எழுதி ஒட்டும் இடங்களைவிட, நாலைந்து பேர் தாமே செய்து காட்டும் இடங்களே நன்றாக நடக்கின்றன.

மாலையின் கடைசி ஆட்டம் வழக்கமாக வால்ட்ஸ். அதற்கு அழைப்பு கிடையாது. அது முடிந்ததும் தளத்தைப் பெருக்கி, நாற்காலிகளை அடுக்கி, வாசலில் சேர்ந்த பணத்தை எண்ணுவர். கூடத்து வாடகை முதலில் கழியும். மீதி இசைக்குழுவுக்கும் அழைப்பாளருக்கும் பங்காகும். பெரும்பாலான ஊர்களில் அமைப்பாளருக்கு ஊதியம் இல்லை.